டெக்சஸ்: 90% ரேட்டிங் உள்ள முன்னாள் படைவீரருக்குச் சொத்து வரியிலும் மகளின் கல்லூரிக் கட்டணத்திலும் மாநிலம் என்ன தருகிறது?

ஜார்ஜ்டவுன் மங்கை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் நியூ ஜெர்சியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, தமிழ் உள்ளிட்ட சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்த்துக்கொள்ள 2009-இல் தொடங்கிய மாவ்னி திட்டத்தின் வழியாக, நியூயார்க்கில் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தார். பயிற்சி முடிந்த கையோடு குடியுரிமையும் கிடைத்தது. பிறகு பெரும்பாலான ஆண்டுகள் ஃபோர்ட் ஹூட்டில் பணிபுரிந்து, முதுகுத்தண்டுக் காயத்தின் காரணமாக 2019-இல் மருத்துவ அடிப்படையில் விடுவிக்கப்பட்டார். இப்போது வில்லியம்சன் கவுண்டியில் சொந்த வீட்டில் இருக்கிறோம்.

வி.ஏ. எனப்படும் படைவீரர் நலத்துறை அவருக்கு மனநலப் பாதிப்புக்கு 70%, முதுகுக்கு 40%, முழங்காலுக்கு 20% என்று கொடுத்து, மொத்த ஊன அளவு, அதாவது ரேட்டிங், 90% என்று முடிவு செய்திருக்கிறது. அவர் வேலைக்குப் போக முயன்று, தொடர முடியாமல் விட்டு இரண்டு ஆண்டுகளாகின்றன. கூட்டாட்சி அரசின் மாதத் தொகை ஒழுங்காக வருகிறது. அதைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. மாநில அரசு தரும் சலுகைகளில்தான் ஒன்றும் பிடிபடவில்லை. டெக்சஸில் ஊனமுற்ற படைவீரருக்குச் சொத்து வரியே கிடையாது என்று ஒருவர் சொல்கிறார். 12,000 டாலர் மட்டும் கழிப்பார்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். மகள் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். ஹேசில்வுட் சட்டத்தின்கீழ் அவளுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணமே இருக்காது என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொன்னதை நம்பித்தான் கல்லூரிச் செலவைக் கணக்கிட்டு வைத்திருக்கிறோம்.

இதற்கிடையில் ஒரு நிறுவனம் தொலைபேசியில் அழைத்து, ரேட்டிங்கை 100% ஆக்கித் தருவதாகவும், ஆனபின் கூடுதலாகக் கிடைக்கும் மாதத் தொகையைப் போல ஐந்து மடங்கைத் தங்களுக்குக் கட்டணமாகத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. எது உண்மை, எதை முதலில் செய்ய வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கில்லீன்காரர் எழுதுகிறார்:

சகோதரி, வணக்கம். நான் படையிலிருந்து ஓய்வு பெற்று கில்லீனிலேயே தங்கிவிட்டவன். இங்கே வரும் நம்மவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன். உங்களிடம் இரண்டு பேர் சொன்னதும் சரிதான்; இரண்டும் வெவ்வேறு சட்டப் பிரிவுகள்.

டெக்சஸ் வரிச் சட்டத்தின் 11.22 பிரிவு, 10% ரேட்டிங்கிலிருந்தே ஒரு தொகையை வீட்டின் வரி மதிப்பிலிருந்து கழிக்கிறது. 10 முதல் 29% வரை 5,000 டாலர், 30 முதல் 49% வரை 7,500, 50 முதல் 69% வரை 10,000, 70% முதல் 12,000. இது வரியில் கழியும் தொகை அல்ல, மதிப்பில் கழியும் தொகை என்பதை நினைவில் வையுங்கள். பள்ளி, நகராட்சி, கவுண்டி எல்லாம் சேர்ந்து வரி விகிதம் 2% என்று வைத்துக்கொண்டால், 12,000 டாலர் கழிவினால் உங்களுக்கு மிச்சமாவது ஆண்டுக்கு 240 டாலர். 2025 முதல் பள்ளி வரிக்கு எல்லா வீட்டுக்காரருக்கும் கிடைக்கிற ஹோம்ஸ்டெட் (சொந்தக் குடியிருப்பு) விலக்கே 1,40,000 டாலர் என்பதோடு ஒப்பிட்டால், 90% குறையுள்ள படைவீரருக்குத் தனியாகக் கிடைப்பது எவ்வளவு சொற்பம் என்பது விளங்கும்.

2009-இல் நடைமுறைக்கு வந்த 11.131 பிரிவு முற்றிலும் வேறு. வி.ஏ.விடமிருந்து 100% அளவில் இழப்பீடு பெறுபவர், 100% ரேட்டிங் உள்ளவராகவோ, காயத்தினால் வேலை பார்க்க இயலாதவர் என்று வி.ஏ. அறிவித்தவராகவோ இருந்தால், அவர் குடியிருக்கும் வீட்டின் முழு மதிப்புக்கும் விலக்கு. நகராட்சி, கவுண்டி, பள்ளி, எம்.யூ.டி. (குடிநீர், கழிவுநீர் வசதி செய்யும் உள்ளூர் அமைப்பு) என்று எந்த அமைப்பின் சொத்து வரியும் இல்லை. எச்.ஓ.ஏ. எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் சந்தாவும், சில குடியிருப்புகளில் தனியாக விதிக்கும் பி.ஐ.டி. (பொது மேம்பாட்டு மாவட்டம்) கட்டணமும் வரி என்ற கணக்கில் வராததால் அவற்றைக் கட்டத்தான் வேண்டும். ஆக, 90-க்கும் 100-க்கும் இடையே உள்ளது பத்து சதவீத வித்தியாசம் அல்ல. 240 டாலருக்கும் பல ஆயிரம் டாலருக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது உங்கள் கணவரின் எண்களைப் பாருங்கள். 70, 40, 20 ஆகியவற்றை நாம் கூட்டினால் 130 வரும். வி.ஏ. அப்படிக் கூட்டுவதில்லை. முதலில் 70, எஞ்சிய 30-இல் 40% என்றால் 12, ஆக 82, எஞ்சிய 18-இல் 20% என்றால் 3.6, ஆக 86. அதைப் பத்தின் மடங்காக்கி 90 என்கிறார்கள். 100-ஐ எட்ட வேண்டுமானால் கூட்டுத்தொகை 95 ஆக வேண்டும். எஞ்சியிருப்பது 14 மட்டுமே என்பதால், புதிதாக 60% குறை ஒன்று ஏற்கப்பட்டாலும் 94-தான் வரும், அதுவும் 90 ஆகவே நிற்கும். 70% கிடைத்தால்தான் தாண்டும். காதிரைச்சலுக்கு 10%, மணிக்கட்டுக்கு 10% என்று சிறு சிறு கோரிக்கைகளைச் சேர்த்துக்கொண்டே போவதால் இந்த நிலையில் பயன் ஏதும் இல்லை.

ஆனால் அவர் வேலைக்குப் போக முடியாமல் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். டி.டி.ஐ.யூ. (காயத்தினால் வேலை பார்க்க இயலாதவர் என்ற வி.ஏ. அறிவிப்பு) என்று எல்லோரும் சொல்லும் வழி அவருக்குத் திறந்திருக்கிறது. பல குறைகள் உள்ளவரிடம் ஒன்றாவது 40% ஆகவும், மொத்தம் 70% ஆகவும் இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். அவருக்கு இரண்டும் பொருந்துகின்றன. வேலை செய்து வாழ்க்கை நடத்த முடியாத நிலைக்கு, படையில் ஏற்பட்ட குறைகளே காரணம் என்பதைக் காட்ட வேண்டும். ஏற்கப்பட்டால் ரேட்டிங் 90% ஆகவே இருக்கும், பணம் மட்டும் 100% அளவில் வரும். டெக்சஸ் சட்டம் இந்த நிலையையும் முழு விலக்குக்கு ஏற்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியமான செய்தி.

வீட்டு வரி விஷயத்தில் அவர் எந்த மாநிலத்தில் படையில் சேர்ந்தார் என்பதை யாரும் கேட்கமாட்டார்கள். வீடு இங்கே இருக்க வேண்டும், அது அவருடைய குடியிருப்பாக இருக்க வேண்டும், ஓட்டுநர் உரிமத்தில் உள்ள முகவரி அந்த வீட்டின் முகவரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்லூரிக் கட்டணம் அப்படிப்பட்டதல்ல. அதை நன்கு அறிந்தவர் சொல்லட்டும்.

கேட்டி கற்பகம் எழுதுகிறார்:

மங்கை அவர்களே, உங்கள் உறவினர் சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டு கல்லூரிக் கணக்குப் போட வேண்டாம். எங்கள் மகன் ஹேசில்வுட் சலுகையில் படிப்பதால் அதன் உள்விவரம் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அந்தச் சட்டம், டெக்சஸ் அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் 150 செமஸ்டர் கிரெடிட் (பாட அலகு) வரை பயிற்றுக் கட்டணத்தையும் மற்றக் கட்டணங்களில் பெரும்பாலானவற்றையும் தள்ளுபடி செய்கிறது. தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எதுவும் அதில் வராது. மாணவர் சேவைக் கட்டணம் என்று பில்லில் தனியாக ஒன்று இருக்கும், அதையும் நாம்தான் கட்ட வேண்டும். படைவீரர் பயிற்சிக் காலம் நீங்கலாகக் குறைந்தது 181 நாள் முழுநேரப் பணியில் இருந்திருக்க வேண்டும். நற்பெயருடன் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் உங்களுக்குச் சிக்கல் இருக்காது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: படையில் சேர்ந்த நேரத்தில் அவர் டெக்சஸில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது டெக்சஸைத் தம் சொந்த மாநிலமாகப் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது அப்போது டெக்சஸ்வாசியாக இருந்திருக்க வேண்டும். பிறகு எத்தனை ஆண்டு இங்கே பணிபுரிந்தார், எவ்வளவு வரி கட்டினார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

டி.டி-214 என்ற விடுவிப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 7ஏ கட்டத்தில் பணியில் சேர்ந்த இடமும், 7பி கட்டத்தில் சேரும்போது பதிவான சொந்த முகவரியும் இருக்கும். என் கணவர் கிரீன் கார்டு வைத்திருந்த நாளில் ஹூஸ்டனில் சேர்ந்தவர். எங்கள் சான்றிதழில் 7ஏ-இல் ஹூஸ்டன் என்றிருந்ததால் கல்லூரி அலுவலகத்தில் மறுகேள்வி எழவில்லை. உங்கள் கணவர் நியூயார்க்கில் சேர்ந்தவர் என்றால், 7பி-யிலாவது டெக்சஸ் இருந்தாலன்றி வழியில்லை.

பலரும் குழப்பிக்கொள்ளும் இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். படைவீரர் தாம் பயன்படுத்தாத கிரெடிட்டுகளைப் பிள்ளைக்கு மாற்றிக் கொடுப்பதற்கு அவருக்கு எந்த ஊனமும் இருக்க வேண்டியதில்லை. லெகசி என்று அழைக்கப்படும் அந்தப் பிரிவில் செமஸ்டரின் முதல் நாளன்று பிள்ளைக்கு 25 வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் பயன்படுத்தலாம், மதிப்பெண்ணும் குறையக் கூடாது. ஊனத்தின் சதவீதம் நுழைவது வேறோர் இடத்தில்: காயத்தினால் முற்றிலும் வேலை செய்ய இயலாதவர் என்று வி.ஏ. அறிவித்த படைவீரரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், அவருடைய கணக்கிலிருந்து பங்கிட்டுக்கொள்ளாமல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 150 கிரெடிட் உண்டு. ஆனால் அந்தப் பிரிவிலும், அவர் படையில் சேர்ந்தபோது டெக்சஸைச் சேர்ந்தவராக இருந்தாரா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

கல்லூரிகள் இந்தச் சலுகையில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. தள்ளுபடி செய்த கட்டணத்தில் பெரும்பகுதியை மாநிலம் ஈடுகட்டுவதில்லை, கல்லூரிதான் சுமக்கிறது. 2013-இல் ஒரு நிரந்தர நிதியை ஏற்படுத்தினார்கள் என்றாலும் அது முழுச் சுமைக்கும் போதுமானதாக இல்லை. ஆகவே ஆவணத்தில் இருப்பதைத்தான் பார்ப்பார்களே தவிர நம் கதையைக் கேட்கமாட்டார்கள்.

நேப்பர்வில் நாடோடி எழுதுகிறார்:

டெக்சஸ் படைவீரர்களின் மாநிலம் என்று பெருமை பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இங்கே இலினாயில் 70% ரேட்டிங்கிலேயே வீட்டு வரி ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. வரி விதிப்பதற்காகக் கணக்கிடும் மதிப்பில் (சமன் மதிப்பு) 2,50,000 டாலர் வரை விலக்கு. மங்கையின் கணவர் இங்கே இருந்திருந்தால் டி.டி.ஐ.யூ.வுக்கு அலைய வேண்டியதே இல்லை. அது கிடக்கட்டும். இந்த நாட்டுக்காகக் காயம்பட்ட ஒருவர், அதே மாநிலத்தில் பத்தாண்டு வாழ்ந்து வரி கட்டுகிறார்; அவர் மகள் அங்கேயே பள்ளியில் படித்தவள். பக்கத்து வீட்டுப் படைவீரரின் பிள்ளைக்குக் கிடைப்பது இவளுக்குக் கிடையாது என்பது அரசியல் சட்டத்துக்கே முரண் அல்லவா? நீதிமன்றத்துக்கு யாரும் போகவில்லையா?

கில்லீன்காரர் எழுதுகிறார்:

போனார்கள், நாடோடி ஐயா. ஜார்ஜியாவில் படையில் சேர்ந்து, பிற்பாடு டெக்சஸில் குடியேறிய படைவீரர் ஒருவர் நீங்கள் சொல்கிற அதே வாதத்தை வைத்து வழக்குத் தொடுத்தார். 2015-இல் ஹூஸ்டனில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் அவர் பக்கம் தீர்ப்பும் வந்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்டதும் மாநில அரசும் பல்கலைக்கழகங்களும் செலவை நினைத்துப் பதறின. அடுத்த ஆண்டே ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. தம் மாநில இளைஞர்களைப் பள்ளிப் படிப்பை முடிக்கவும் படையில் சேரவும் ஊக்குவிப்பதும், திரும்பி வந்தபின் அவர்களுக்கு உதவுவதும் நியாயமான நோக்கங்கள் என்றும், அதற்காகச் சேர்ந்த இடத்தை வைத்து வேறுபடுத்தலாம் என்றும் சொல்லிவிட்டது. ஆகவே அந்தக் கதவு இப்போதைக்கு மூடியிருக்கிறது.

உங்கள் இலினாயும் இதில் யோக்கியம் அல்ல. அங்கே படைவீரருக்கு அரசுக் கல்லூரிக் கட்டணம் தள்ளுபடியாகும் திட்டத்தில், படையில் சேர்வதற்கு முந்தைய ஆறு மாதம் அவர் இலினாயில் வாழ்ந்திருக்க வேண்டும், விடுபட்ட ஆறு மாதத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கின்றன. கலிஃபோர்னியா இந்த விஷயத்தில் தாராளம். அங்கே படைவீரர் எங்கே சேர்ந்தார் என்று பார்ப்பதில்லை. பணியினால் ஏற்பட்ட குறை 0% என்று வி.ஏ. ஏற்றிருந்தாலே, வருமானம் வரம்புக்குள் இருக்கும் பிள்ளைக்கு அரசுக் கல்லூரிகளில் பயிற்றுக் கட்டணம் இல்லை. ஆனால் வீட்டு வரியில் டெக்சஸ் தருவதைப் போல முழு விலக்கை கலிஃபோர்னியா தருவதில்லை. ஒரு மாநிலம் வீட்டில் தாராளமாக இருக்கும், இன்னொன்று கல்லூரியில். மாறிக் குடியேறுகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு வீடு வாங்குவது நல்லது.

சான் அன்டோனியோ செல்வி எழுதுகிறார்:

இங்கே யாரும் எழுதாத ஒன்றை நான் எழுத வேண்டியிருக்கிறது. சகோதரி மங்கை தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என் கணவர் 100% ரேட்டிங் உள்ளவராக இருந்து காலமானவர். அவருக்கிருந்த முழு வரி விலக்கு இப்போது என் பெயரில் தொடர்கிறது. 2011-இல் மக்கள் வாக்களித்து நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தத்தினால் துணைவருக்கும் அது கிடைக்கும்படி ஆயிற்று. மறுமணம் செய்துகொள்ளாதிருக்க வேண்டும். அவர் இறந்தபோது நாம் குடியிருந்த வீடாக இருந்து, தொடர்ந்து நாமே குடியிருக்க வேண்டும். பிறகு வேறு வீட்டுக்கு மாறினால் அங்கே முழு விலக்கு தானாக வந்துவிடாது. பழைய வீட்டில் கடைசி ஆண்டு எத்தனை டாலர் விலக்குக் கிடைத்ததோ அத்தனை டாலர்தான் புதிய வீட்டின் மதிப்பில் கழியும். விலை கூடிய இடத்துக்கு மாறுகிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும்.

பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள். நம் குடும்பங்களில் முன்பணம் கொடுத்தவர் என்ற முறையில் மைத்துனரையோ மாமனாரையோ பத்திரத்தில் சேர்த்துவிடும் வழக்கம் உண்டு. கணவன், மனைவி இருவர் பெயரில் மட்டும் இருந்தால் கவலையில்லை. மூன்றாவதாக ஒருவர் பாதிக்கு உரிமையாளர் என்றால், விலக்கும் படைவீரரின் பங்கு அளவுக்கே கிடைக்கும்.

வண்டிக்கு ஊனமுற்ற படைவீரர் நம்பர் பிளேட் வாங்க 50% போதும், ஆகவே உங்களுக்கு இப்போதே தகுதி இருக்கிறது. நகராட்சி மீட்டரில் காசு போட வேண்டியதில்லை. ஆனால் 2022 ஜனவரி முதல், அந்தப் பிளேட்டில் சக்கர நாற்காலிச் சின்னம் இருந்தால்தான், அல்லது அந்தச் சின்னமுள்ள அட்டையை மாட்டியிருந்தால்தான், மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் வண்டியை நிறுத்தலாம். விண்ணப்பிக்கும்போதே சின்னமுள்ள பிளேட்டைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு மருத்துவர் சான்று வேண்டும்.

ஜார்ஜ்டவுன் மங்கை எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. செல்வி அக்கா, தவறாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. நீங்கள் எழுதியிராவிட்டால் பத்திரத்தைப் பார்த்திருக்கமாட்டேன். எங்கள் இருவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. டி.டி-214-ஐயும் பார்த்தோம்: 7ஏ-இல் புரூக்ளினிலுள்ள ஃபோர்ட் ஹாமில்டன், 7பி-இல் நியூ ஜெர்சி முகவரி. எனவே ஹேசில்வுட் இல்லை என்று முடிவு செய்துகொண்டோம். மகளிடம் சொல்லிவிட்டேன்; அவள் எங்களைவிட அமைதியாக ஏற்றுக்கொண்டாள்.

எனக்கு இன்னும் மூன்று சந்தேகங்கள். டி.டி.ஐ.யூ. முடிவு வரும்வரை 12,000 டாலர் விலக்குக்கு விண்ணப்பிக்காமல் காத்திருக்க வேண்டுமா? வி.ஏ. பழைய தேதியிலிருந்து ஏற்றுக்கொண்டால், இடையில் கட்டிய வரி போனது போனதுதானா? அந்த நிறுவனத்தை என்ன செய்வது?

கில்லீன்காரர் எழுதுகிறார்:

காத்திருக்க வேண்டாம். 50-135 என்ற படிவத்தை வி.ஏ. கடிதத்துடன் சேர்த்து உங்கள் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தில் ஏப்ரல் 30-க்குள் கொடுங்கள். வரி கட்டும் அலுவலகம் வேறு, இது வேறு. பலர் அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள். 90% ரேட்டிங் 2019-இலிருந்தே இருக்கிறதென்றால் பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஊனமுற்ற படைவீரர் விலக்குக்கான தாமத விண்ணப்பத்தை, அந்த ஆண்டு வரியின் கெடு தாண்டிய நாளிலிருந்து ஐந்தாண்டு வரை ஏற்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. கெடு தாண்டும் நாள் என்பது அடுத்த ஆண்டு பிப்ரவரி 1.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அதே விதிதான் பதில். டி.டி.ஐ.யூ. ஏற்கப்பட்டால் வி.ஏ. கடிதத்தில் அது எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்று இருக்கும். அதை இணைத்து, 50-114 என்ற ஹோம்ஸ்டெட் படிவத்தில் முழு விலக்கு கேட்டு, அந்தத் தேதிக்குப் பிந்தைய ஆண்டுகளையும் குறிப்பிடுங்கள். ஆண்டின் நடுவில் தகுதி வந்தாலும் எஞ்சிய மாதங்களுக்கு விகிதப்படி விலக்கு உண்டு. கட்டிய பணம் திரும்ப வரும். இந்த ஐந்தாண்டுக் கெடு படைவீரருக்கு மட்டுமே. கைம்பெண்ணாக விண்ணப்பிப்பவருக்கு இரண்டாண்டுதான் என்பதைச் செல்வி அவர்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டும். விலக்கு ஏற்கப்பட்டதும் வீட்டுக் கடன் கொடுத்த வங்கிக்கு அந்தக் கடிதத்தின் நகலை நீங்களே அனுப்புங்கள். சொத்து வரிக்காக மாதத் தவணையோடு பிடிக்கும் எஸ்க்ரோ தொகையைத் தானாகக் குறைப்பார்கள் என்று இருந்துவிட்டால், இல்லாத வரிக்கு மாதாமாதம் பணம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

அந்த நிறுவனத்துக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். வி.ஏ.வின் அங்கீகாரம் பெற்றவர்கள் மட்டுமே கோரிக்கையைத் தயாரித்துத் தரலாம். அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர்கூட, முதல் முடிவு வருவதற்கு முன் அந்தக் கோரிக்கைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். ஐந்து மடங்கு கேட்கிறவர்களிடம் அங்கீகார எண்ணைக் கேளுங்கள், அழைப்பு அத்தோடு நின்றுவிடும். டெக்சஸில் இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஒவ்வொரு கவுண்டியும் படைவீரர் சேவை அலுவலகம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் கவுண்டியில் இருக்கிறது. டெக்சஸ் படைவீரர் ஆணையத்தின் ஆலோசகர்களும் இலவசமாகவே செய்து தருகிறார்கள். இதுவும் மாநிலம் தரும் சலுகைதான், யாரும் அதைச் சலுகைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அங்கே போகும்போது 21-8940 என்ற டி.டி.ஐ.யூ. விண்ணப்பத்தை நிரப்பக் கேளுங்கள். கடைசியாக வேலை பார்த்த நிறுவனங்களுக்கு வி.ஏ. 21-4192 என்ற படிவத்தை அனுப்பி, ஏன் வேலையை விட்டார், எத்தனை நாள் விடுப்பு எடுத்தார் என்று கேட்கும். அந்தப் பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு நீங்களே முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், படிவம் எவர் மேசையிலோ கிடந்து போகாது. மருத்துவர் கடிதத்தில் "வேலை செய்ய முடியாது" என்ற ஒற்றை வரி போதாது. எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, வாரத்தில் எத்தனை நாள் தூக்கமின்றி எழுகிறார், மேலதிகாரியின் குரல் உயர்ந்தால் என்ன ஆகிறது என்பது போல எழுதித் தரச் சொல்லுங்கள். நான் பார்த்த வரையில் மறுக்கப்பட்ட கோரிக்கைகளில் பலவும் இந்த விவரம் இல்லாததால்தான் மறுக்கப்பட்டன.

மகளின் படிப்புக்கு மாநிலத்தின் வழி அடைபட்டாலும் கூட்டாட்சியின் வழி ஒன்று உண்டு. குறை நிரந்தரமானது, முழுமையானது என்று வி.ஏ. அறிவித்தால், அத்தியாயம் 35 என்ற திட்டத்தில் மகளுக்கு மட்டுமல்ல, விரும்பினால் உங்களுக்கும் 36 மாதம் வரை படிப்புக்கான மாதத் தொகை கிடைக்கும்; அவர் எங்கே சேர்ந்தார் என்ற கேள்வி அதில் இல்லை. டி.டி.ஐ.யூ. கிடைத்தாலே நிரந்தரம் என்றாகிவிடாது. ஆகவே விண்ணப்பத்திலேயே, நிலைமை மேம்பட வாய்ப்பில்லை என்பதை மருத்துவர் எழுதும்படி செய்யுங்கள். டெக்சஸ் வீட்டு வரிக்கு நிரந்தரம் என்ற சொல் தேவையில்லை. அத்தியாயம் 35-க்கு அது இல்லாமல் முடியாது.

90% ரேட்டிங்கிலேயே உங்களுக்குக் கிடைக்கும் சிறு சலுகைகளையும் விட்டுவிடாதீர்கள். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கக் கட்டணம் இல்லை, மாநிலப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இரண்டுக்கும் வரம்பு 60%. மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் சேர்த்துத் தரும் உரிமம் 50%-இலிருந்து இலவசம். வீட்டைத் திருத்தவோ வேறு வீடு வாங்கவோ கடன் தேவைப்பட்டால் படைவீரர் நில வாரியத்தில் கேளுங்கள். 30% முதல் வட்டியில் சலுகை உண்டு. சுங்கச் சாலைகளில் சில அமைப்புகள் மட்டும் ஊனமுற்ற படைவீரரின் வண்டிக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பிளேட் மாட்டினால் மட்டும் போதாது.

கேட்டி கற்பகம் எழுதுகிறார்:

ஒரே ஒரு சேர்க்கை. கவுண்டி அலுவலகத்துக்குப் போகும்போது டி.டி-214-இன் நான்காம் பிரதியைக் கொண்டுபோங்கள். முதல் பிரதியில் விடுவிக்கப்பட்ட விதம், காரணம் முதலிய கட்டங்கள் இருக்காது. அதை வைத்து எந்த அலுவலகமும் வேலை செய்யாது. வி.ஏ. இணையதளத்தில் நுழைந்து ரேட்டிங் சுருக்கக் கடிதத்தை அன்றன்றைய தேதியோடு இறக்கிக்கொள்ளலாம், மூன்று நகல் எடுத்துவைத்தால் அப்ரைசல் அலுவலகம், வண்டிப் பதிவு, ஓட்டுநர் உரிமம் மூன்றுக்கும் ஆயிற்று.